மூணு எனக்கு

முத்துப்பாண்டி அண்ணன் தன்னுடைய நெஞ்சுக் கவசத்தை எனக்கு மாட்டிவிட்டபோது அது தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அகலமான ஆள், நான் ஒல்லி. பின்பக்கம் போய் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார், சரிப்படவில்லை என்று கடைசியில் முடிச்சே போட்டுவிட்டார். பிறகு முன்னால் வந்து நின்று என் நெஞ்சில் ஒரு தட்டு தட்டினார். பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது நக்கலாகச் சொல்லி, தானே முதலில் சிரித்து, மைதானத்தையே திரும்பிப் பார்க்க வைத்திருப்பார். இப்போது உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலச் சிரித்துவைத்தேன்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். மதுரையில் வைத்துக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் ஜோதி மதினி வெள்ளை மல் துணியை இரண்டாக மடித்துக் கட்டிவிடுவார். ஊரில் சிலர், மைதானத்தில் கத்திக் கத்தித்தான் இவருக்கு இப்படி ஆயிற்று என்றார்கள். அதெல்லாம் இல்லை, சிகரெட்டுதான். ஆனால் அப்படிச் சொன்னவர்களை நான் மறுக்கவில்லை. கத்தினதால் போனது என்று இருந்தால் கொஞ்சம் கௌரவமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் பேஸ்பால் அம்பயர்கள். போடியில் இதைச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட்டா என்று கேட்பார்கள், மீதிப் பேர் அதுவும் கேட்கமாட்டார்கள். அவர் டவுன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தார், நான் சிலமலையில். பள்ளிப் பிள்ளைகளின் போட்டி எங்கே நடந்தாலும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவர் எப்போதும் பந்தை அடிக்கிற பிள்ளை நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால், நான் எப்போதும் உள்ளே, பேஸ்களுக்கு நடுவில்.

பெரிய போட்டிகளில் நான்கு பேர் நிற்பார்கள். ஒவ்வொரு மூலைக்கும் ஒருவர், அவரவர் மூலையை அவரவர் பார்த்தால் போதும். எங்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. மைதானத்துக்கு நான்கு மூலை, ஆள் இரண்டு. அடிக்கிற பிள்ளை பிளேட்டிலிருந்து கிளம்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று பேஸ்களைத் தொட்டு மறுபடி பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன். அந்தக் கால்கள் எங்கெங்கே போகின்றன, பந்து எங்கே போகிறது என்பதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் பந்தைப் பார்த்தால் மற்றவன் காலைப் பார்க்க வேண்டும். இருவரும் ஒன்றையே பார்த்தால் மற்ற இடம் அனாதையாகக் கிடக்கும். அதிலும் முதல் பேஸில் ஏற்கெனவே ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தால்தான் வம்பு. பந்து தூரமாக அடிபட்டதும் அவள் இரண்டைத் தாண்டி மூன்றுக்கு ஓடுவாள், அடித்தவள் ஒன்றுக்கு ஓடுவாள். உள்ளே நிற்கிறவன் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதனால் பிளேட்டில் இருப்பவன் தன் இடத்தைப் போட்டுவிட்டு மூன்றாம் பேஸுக்கு ஓட வேண்டும். ஓடும்போதே அதைச் சத்தமாகச் சொல்லவும் வேண்டும். சொன்னால்தான் உள்ளே நிற்பவன் மூன்றை மறந்துவிட்டு ஒன்றையும் இரண்டையும் நிம்மதியாகப் பார்ப்பான்.

விதிப் புத்தகத்தில் இதற்கு இங்கிலீஷில் ஒரு வாசகம் இருக்கிறது. முத்துப்பாண்டி அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. "மூணு எனக்கு, தம்பி" என்பார். நான் "சரிண்ணே" என்பேன். அவ்வளவுதான். எனக்கு முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டதும் உடம்பின் ஒரு பக்கம் இறுக்கம் விட்டுப்போகும். அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். எத்தனையோ வருடமாக நான் மூன்றாம் பேஸைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் வெளியே இறங்கவில்லை. கழுத்தில் வைத்து அழுத்தினால் வண்டு இரைவதுபோலப் பேசும் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டார். நான் போனால் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார், போனில் ஏதாவது டைப் பண்ணிக் காட்டுவார். சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. அழுதாலும் அப்படித்தான் என்று மதினி சொன்னார். அடுக்களையில் வேலையாக இருந்தால் அவர் அழுவதே தெரியாதாம், வந்து எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அதனால் பத்துத் தடவை எட்டிப் பார்ப்பதே தனக்குச் சோலியாகிவிட்டது என்றார்.

ஒரு நாள் மதினி வாசல் வரை வந்து என்னை நிறுத்தினார். "தம்பி, அவர எப்படியாச்சும் மைதானத்துல கொண்டுபோயி நிறுத்துங்க. முன்னாடின்னா எங்கூடச் சண்டை போட்டாவது நாளு போகும். இப்ப அதுவும் இல்ல. வீட்டுக்குள்ளயே இருந்து கொஞ்சங் கொஞ்சமா இல்லாமப் போறாரு மனுசன்."

அதற்குப் பிறகுதான் நான் வெள்ளைத்துரையிடம் போனேன். வெள்ளைத்துரை போட்டிகளுக்கு அம்பயர் போடுகிறவர், கறாரான ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. பேச முடியாதவரை எப்படிப்பா நிறுத்துவது என்றார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பிளேட்டில் நிற்பவனுக்குத்தான் வாய் வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும் கத்த வேண்டும். உள்ளே நிற்பவனுக்குக் காலும் கண்ணும் கையும் போதும். அவுட் என்றால் முஷ்டியைக் காட்டலாம், சேஃப் என்றால் கையை விரிக்கலாம். அவருடைய காதுக்கு ஒன்றும் இல்லை, நான் சொல்வது அவருக்குக் கேட்கும். அவருடைய கை எனக்குத் தெரியும், ஏனென்றால் பிளேட்டிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க முன்னால்தான் இருக்கிறது. இடத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. வெள்ளைத்துரை தாடையைத் தடவிக்கொண்டு, சரி, ஒரு மேட்ச் தருகிறேன், அது ஒழுங்காகப் போனால் தொடர்ந்து போடுகிறேன், இல்லாவிட்டால் என்னிடம் கேட்கக் கூடாது என்றார்.

சாயங்காலங்களில் வெறும் மைதானத்தில், பந்தும் இல்லாமல் பிள்ளைகளும் இல்லாமல், நாங்கள் ஓடிப் பழகினோம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் இரண்டு பெரிய மனிதர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நின்று பார்த்தார்கள். நான் பிளேட்டிலிருந்து மூன்றை நோக்கி ஓடி, "மூணு எனக்குண்ணே" என்று கத்துவேன். அவர் உள்ளேயிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். கத்தும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அது அவருடைய வாசகம், அதை அவர் எதிரிலேயே எடுத்துப் பேசுவது அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நிற்பதுபோல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. நான் மெதுவாக ஓடினால் கையை ஆட்டி விரட்டினார். வீட்டுக்குப் போனதும் பசிக்கிறது என்று தட்டைத் தட்டினாராம், மதினி போன் போட்டுச் சொன்னார். எனக்கும் அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மேட்ச் அன்றைக்கு ஆடிக்காற்று பிடுங்கிக்கொண்டு அடித்தது. மலை இடுக்கிலிருந்து இறங்குகிற காற்று, மைதானத்து மண்ணை வாரிக்கொண்டுதான் போகும். அவர் எனக்குக் கவசம் மாட்டி முடிச்சுப் போட்டபோது நான் மல் துணியைப் பார்த்தேன். அவர் அதைத் தண்ணீரில் நனைத்துக் கட்டியிருந்தார், தூசி ஒட்டிக்கொள்ளட்டும் என்று. பச்சைச் சட்டைப் பிள்ளைகளுக்கும் நீலச் சட்டைப் பிள்ளைகளுக்கும் ஆட்டம். பச்சையில் பாதிப் பேர் விடுதிப் பிள்ளைகள், அப்பா அம்மா மேலே எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள். ஏலக்காய் பறிப்பை விட்டுவிட்டு ஒரு ஜீப்பு நிறைய ஆட்கள் போடிமெட்டு வழியாக இறங்கி வந்து கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்துரை நாற்காலி போட்டு நடுவில் இருந்தார்.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. சொல்லப்போனால் நான்தான் பிளேட்டுக்குப் பின்னால் தடுமாறினேன், அவர் உள்ளே இடறவே இல்லை. சரியான இடத்துக்குப் போய் நின்று, குனிந்து, முழங்காலில் கை வைத்துப் பார்த்து, கையைத் தூக்குவார். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், ஓடி முடித்ததும் அவர் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் வெள்ளைத்துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதே மதினிக்குப் போன் பண்ண வேண்டும் போலிருந்தது.

கடைசி இன்னிங்ஸ். பச்சை ஒரு ரன் பின்னால். முதல் பேஸில் பவதாரணி என்ற பிள்ளை நின்றாள், எஸ்டேட்டுப் பிள்ளைதான், கால் அப்படி ஒரு வேகம். அடுத்து வந்தவள் பந்தை வலது பக்கம் தூரமாக அடித்துவிட்டாள். நான் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு எழுந்தேன். எழுந்து நின்றேன். அப்படியே நின்றேன்.

இதை எப்படிச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. என் காது அந்தக் குரலுக்காகக் காத்திருந்தது. முதல் பேஸில் ஆள், பந்து வெளியே, இப்போது அவர் சொல்லுவார் என்று உடம்பு நின்றுவிட்டது. கண் அது பாட்டுக்குத் தன் பழைய வேலையைப் பார்க்கப் போய்விட்டது: அடித்தவளின் கால் முதல் பேஸைத் தொடுகிறதா என்று. தொட்டாள். சுத்தமாகத் தொட்டாள். உள்ளே முத்துப்பாண்டி அண்ணனும் அதே காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஏனென்றால் இப்போது அது அவருடைய பங்கு. மூன்றாம் பேஸை நான் எடுத்திருப்பேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பேஸில் நின்ற பிள்ளையின் கையுறையில் பந்து விழுந்த சத்தத்தில்தான் இருவரும் திரும்பினோம். நான் பாதி வழிகூடப் போயிருக்கவில்லை. அவர் உள்ளேயிருந்து நான்கு எட்டு ஓடிக் குனிந்துவிட்டார். பவதாரணி சறுக்கிக்கொண்டு போனாள், மண் எழும்பியது, நீலச் சட்டைப் பிள்ளை பந்தோடு கையை இறக்கினாள். பேஸைத் தொடுமுன் பந்து காலில் பட்டுவிட்டது என்று முத்துப்பாண்டி அண்ணன் முஷ்டியைத் தூக்கினார். அவுட்.

யாரும் பார்க்கவில்லை. பந்தைப் பிடித்தவளுக்கு அவர் முதுகுப் பக்கம் இருந்தார், பவதாரணி மண்ணில் குப்புறக் கிடந்தாள். அவுட் என்ற சத்தம் வராததால் சேஃப் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள். அடித்தவளையாவது பிடிக்கலாம் என்று நீலச் சட்டை இரண்டாம் பேஸுக்கு எறிய, பந்து யார் கைக்கும் சிக்காமல் வெளியே ஓடியது. என் கண் உட்பட எல்லோருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போயிற்று. பவதாரணி எழுந்தாள், பிளேட்டுக்கு ஓடினாள், தொட்டாள். பச்சைப் பிள்ளைகள் எல்லாம் வந்து அவள்மேல் விழுந்தார்கள். கயிற்றைத் தாண்டி ஓடி வந்த அவளுடைய அப்பா கன்னையன் பிள்ளையை அலாக்காகத் தூக்கிவிட்டார். அத்தனைக்கும் நடுவில் முத்துப்பாண்டி அண்ணன் முஷ்டியை இறக்காமல் நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. அவுட், அவுட் என்று அவர் கத்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அவரிடம் ஓடினேன். தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார், பேஸுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் அளந்து காட்டினார். கண் கலங்கியிருந்தது, தூசியால்கூட இருக்கலாம். நான் திரும்பி வந்து, மூன்றாம் பேஸிலேயே அவுட், அந்த ரன் செல்லாது என்று சொன்னேன். மாலை முழுக்க நான் கத்தியதிலேயே அதுதான் பெரிய சத்தம், அதைக் கேட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

பச்சை அணியின் கோச் சண்டைக்கு வந்தார். கயிற்றுக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். கன்னையன் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு நேராக முத்துப்பாண்டி அண்ணன் எதிரே போய் நின்றார். "பணிய விட்டுட்டு மலையிலருந்து வந்துருக்கோம்யா. வாயில்லாதவன எதுக்குய்யா உள்ள விட்டீங்க?" என்றார். முத்துப்பாண்டி அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. கன்னையனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன், யாரோ பிடித்துக்கொண்டார்கள். அவரைச் சொல்லி என்ன, பிள்ளையின் சந்தோஷத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்த ஆள்.

நான் வெள்ளைத்துரையிடம் போய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "மூணு என்னோட பொறுப்பு. நான்தான் போகல. அவரோடது இல்லாத எடத்துக்கு ஓடிவந்து சரியாப் பாத்துருக்காரு. தப்பு எம்மேல."

வெள்ளைத்துரை குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "நீ போகலன்னு எனக்கும் தெரியும் மலைச்சாமி. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். தப்பு எல்லாருஞ் செய்வோம். ஆனா ஒரு சத்தம் வந்துருந்தா அந்தப் பிள்ளை அங்கயே நின்னுருக்கும்ல? நின்னுருந்தா அழுதுட்டு வெளியப் போயிருக்கும், அவ்வளவுதான். இப்படி நடந்துருக்காது."

முத்துப்பாண்டி அண்ணன் என் பின்னால் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பியபோது அவர் வெள்ளைத்துரையைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் நானும் கூட நின்று போட்டிருப்பேன்.

பச்சை தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பவதாரணி ஓரமாக உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முத்துப்பாண்டி அண்ணன் அவளிடம் போனார். கால்சட்டைப் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்தார். அவர் அதைக் கொண்டுவந்திருந்ததே எனக்குத் தெரியாது. கழுத்தில் வைத்து அழுத்தி, "நல்லா ஓடுன, ஆத்தா" என்றார். ஏற்ற இறக்கம் இல்லாமல், தகரத்தில் எதையோ தேய்ப்பதுபோல வந்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுகையை நிறுத்தினாள். எழுந்து அப்பாவின் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். அவர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் வண்டி நின்ற பக்கம் நடந்தார்.

வீட்டில் இறக்கிவிட்டபோது மதினி என் முகத்தைத்தான் முதலில் பார்த்தார். வேண்டான்னுட்டாங்களா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் உள்ளே போய்க் கழுத்துத் துணியை அவிழ்த்து வாளியில் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டார். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியது. மதினி அதைப் பார்த்துக்கொண்டே, எனக்கு டீ போடட்டுமா என்று கேட்டார்.

அடுத்த போட்டிக்கு வெள்ளைத்துரை என்னுடன் அன்புச்செல்வனைப் போட்டார். முப்பது வயது, கல்லூரியில் பி.டி. டைரக்டர், சொந்தமாகக் கவசம் வைத்திருக்கிறார், அளவாக இருக்கிறது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பிளேட்டில் நிற்பதாகவும் நான் பழையபடி உள்ளே நிற்பதாகவும் பேசிக்கொண்டோம். உங்களுக்குள் எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நானும் சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குக் கால் நகராது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முத்துப்பாண்டி அண்ணன் வந்தார். தனியாகத்தான் வந்தார். வெளுத்த துணி கட்டியிருந்தார். பிளேட்டுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றார். நான் கையைத் தூக்கினேன், அவரும் தூக்கினார். வந்துவிட்டாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஆட்டத்தில் மூழ்கிவிட்டேன்.

முதல் பேஸில் ஒரு பிள்ளை நின்றாள். அடுத்தவள் அடித்தாள், பந்து இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஓடியது. நான் திரும்பி முதல் பேஸைப் பார்க்கக் குனிந்தேன். முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. "மூணு எனக்கு!"

நேரம் தவறாமல், தெளிவாக, இளசான குரலில் வந்தது. நான் "சரிண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, என்னைவிட வயதில் சின்னவரை அண்ணே என்றிருக்கிறேன். அப்போதுதான் நான் ஒரு நாளும் செய்யாததைச் செய்தேன். குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அன்புச்செல்வன் மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் பேஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு இணையாக, கயிற்றுக்கு வெளியே, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி முத்துப்பாண்டி அண்ணனும் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கை கழுத்துத் துணியைப் பிடித்திருந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. மூன்றாம் பேஸுக்கு நேராக வந்ததும் நின்றார், காலை அகட்டினார், முழங்காலில் கை வைத்துக் குனிந்தார். சறுக்கி வந்த பிள்ளையின் காலையே பார்த்தார். அன்புச்செல்வன் கையை விரித்து "சேஃப்" என்று கத்தியபோது அவருடைய கைகளும் விரிந்தன.

"சார், தொடல சார். அடிச்சவ ஒண்ணாம் பேஸத் தொடாமப் போயிட்டா" என்று என் பின்னால் ஒரு பிள்ளை கூப்பிட்டாள். பந்து அதற்குள் அவளிடம் வந்திருந்தது. அதைப் பிடித்தபடி முதல் பேஸை மிதித்துக்கொண்டு அவள் நின்றாள், அடித்தவள் தொடாமல் போனது உண்மையென்றால் அவுட். அடித்தவள் இரண்டாம் பேஸில் நின்று, நான் தொட்டேன் சார் என்றாள். இரண்டு பக்கத்துக் கோச்சுகளும் என்னைப் பார்த்தார்கள். அன்புச்செல்வனும் பார்த்தார், அது உங்களுடையதுதானே என்பதுபோல. அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது மூன்றாம் பேஸை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முத்துப்பாண்டி அண்ணன் மெதுவாக நிமிர்ந்து, துணியைச் சரிசெய்துகொண்டு, என் கை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.